மேகம் ஏன் மகேம் ஆனது?

பாலிகஞ்சில், குருசதய் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் தங்கை வீடு. பூஜை விடுமுறைக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மருமான், தானே எழுதிய கணினி விளையாட்டு ஒன்றைக் காட்டினான். திரையின் மேலிருந்து சொற்கள் மழைபோல இறங்கும். தரையைத் தொடுவதற்குள் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டால் அது மறையும், புள்ளி ஏறும். பாதிச் சொற்கள் தமிழ், பாதி வங்காளம். வீட்டுக்குள் தமிழும் வாசற்படி தாண்டினால் வங்காளமுமாக வளர்கிற பிள்ளை, இரண்டையும் ஒரே வானத்திலிருந்து விழவைத்திருந்தான். எனக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லி என் லேப்டாப்பில் ஓட்டினேன்.

ஓடியது. நிறம் சரி, சத்தம் சரி, வேகம் சரி. ஆனால் 'மேகம்' இறங்க வேண்டிய இடத்தில் 'மகேம்' இறங்கியது. வங்காளத்திலும் மேகம் மேகம்தான், 'மேக்' என்பார்கள். அந்தச் சொல்லிலும் ஏகாரக் குறி முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, என் மெஷின்ல சரியா வருதே!" என்றான் பிள்ளை.

நிரல் எழுதுகிற எவரும் என்றைக்காவது சொல்லியிருக்கும் வாக்கியம் அது. சரியாக வரவில்லை என்பதைவிட, ஓரிடத்தில் சரியாக வருவது இன்னோரிடத்தில் வரவில்லை என்பதுதான் உண்மையான புதிர். எழுத்துருக் கோப்பு விளையாட்டோடு அதே உறைக்குள்ளேயே வந்திருந்தது. ஆகவே எழுத்துரு இல்லாத குறை இல்லை. இரண்டு கணினியிலும் டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பு. பென்டிரைவில் ஏதாவது சிதைந்திருக்குமோ என்று விளையாட்டுக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை இரண்டு கணினியிலும் எடுத்துப் பார்த்தோம். ஒரு கோப்பை முழுவதும் படித்து அதிலிருந்து நீளமான ஓர் எண்ணைக் கணக்கிடும் முறை இது. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே எண். ஆகவே விளையாட்டும் அதேதான். அப்படியானால் வேறுபடுவது எது?

அதற்கு முன், எழுத்து திரைக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். 'மேகம்' என்பதைக் கணினி ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது: ம, இரட்டைக்கொம்பு, க, ம, புள்ளி. ஒருங்குறி எனப்படும் உலகப் பொது எழுத்துக் குறியேற்றத்தில் வரிசை ஒலிக்கும் முறைப்படி இருக்கும். மகர மெய்யின் ஒலி முதலில், ஏகாரம் பிறகு. நாம் எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ம எழுதுகிறோம். ஆக, சேமித்த வரிசை ஒன்று, கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. நடுவில் ஒருவர் உட்கார்ந்து மாற்றிக் கோக்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களில் அச்சுக் கோப்பவர் அறைப்பெட்டியிலிருந்து கொம்பை எடுத்து முதலில் வைப்பார், பிறகு ம. இன்றைய லினக்ஸ் கணினிகளில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். பாரசீக மொழியில் எழுத்து, திறந்தது என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர். இப்படி மாற்றிக் கோப்பதை எழுத்துக் கோர்ப்பு என்று சொல்லலாம்.

கோப்பவர் வேலைக்கு வரவில்லை என்றால்? குறிகள் வந்த வரிசையிலேயே நிற்கும்: ம, அடுத்து கொம்பு, அடுத்து க, அடுத்து ம். கொம்பைப் பார்த்ததும் நம் கண் அதை வலப்பக்கத்து எழுத்தோடு சேர்த்துத்தான் படிக்கும். மகேம். வங்காளத்திலும் ஏகாரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்பதால் அங்கேயும் அதே கூத்து. ஆங்கிலத்துக்கு இப்படி இடம் மாற்றும் தேவையே இல்லை. அதனால் கோப்பவர் இல்லாத கணினியில் ஆங்கிலம் மட்டும் பழுதில்லாமல் வரும். பரிசோதிப்பவர் ஆங்கிலத்தில் மட்டும் பரிசோதித்தால் குறை கண்ணில் படவே படாது. ரசீதுகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும் நாம் பார்க்கும் கொம்பு தவறிய தமிழுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என் லேப்டாப்பில் உலாவியில் தமிழ் அருமையாக வருகிறது. ஆகவே கோப்பவர் வீட்டில் இருக்கிறார். இந்த விளையாட்டு மட்டும் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்பதற்கு விளையாட்டின் அடியில் இருக்கும் அடுக்குகளுக்குள் இறங்க வேண்டும்.

விளையாட்டு எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. திரையில் ஒரு சன்னல் திறப்பது, விசை அழுத்தியதைத் தெரிந்துகொள்வது, சத்தம் எழுப்புவது, படத்தை அடுத்தடுத்து வேகமாக வரைவது இவையெல்லாம் எல்லா விளையாட்டுக்கும் பொது. பொது வேலைகளை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் மற்றவர்கள் எடுத்தாளலாம். அப்படிப்பட்ட தொகுப்புக்கு நிரலகம் என்று பெயர். என் மருமான் எடுத்தாண்டது எஸ்.டி.எல். என்ற வரைகலை நிரலகம். சாம் லாண்டிங்கா என்பவர் 1998-இல் வெளியிட்டது. விண்டோஸ் நிரல் ஒன்றை மக்கின்டோஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை. வணிக விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றித் தந்துகொண்டிருந்த லோக்கி என்ற நிறுவனத்தில் அவர் பின்னர் வேலை பார்த்தார். லோக்கி 2002-இல் மூடப்பட்டது. நிரலகம் நிலைத்துவிட்டது. 2013 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வந்தது, 2025 ஜனவரியில் மூன்றாம் தலைமுறை. எழுத்தை வரைவதற்கென்று இதற்கு ஒரு துணை நிரலகம் உண்டு. ஹார்ஃப்பஸைக் கூப்பிட வேண்டியது அந்தத் துணை நிரலகம்தான்.

இந்த நிரலகம் அதை எழுதியவரின் மேசையிலிருந்து பாலிகஞ்ச் வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது? எழுதியவர் வெளியிடுவது மூல நிரல், அதாவது மனிதர் படிக்கும் எழுத்து. கணினி ஓட்டுவது அதிலிருந்து கட்டிய இயந்திர வடிவம். நடுவில் ஒருவர் மூலத்தை வாங்கி, கட்டி, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கும்படி ஒழுங்கு செய்து, கூட என்னென்ன வேண்டும் என்ற குறிப்போடு சேர்த்துக் கட்டித் தருகிறார். அப்படிக் கட்டியதைத் தமிழ்க் கணிமைக்காரர்கள் பொதி என்கிறார்கள். கழுதையும் மாடும் சுமந்த பழைய பொதிதான், நல்ல சொல். கட்டுபவரைப் பொதியாளர் என்போம். ஆயிரக்கணக்கான பொதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்த்து வெளியிடுவதற்கு வழங்கல் என்று பெயர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அத்தகைய வழங்கல். 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த அதன் 13-ஆம் பதிப்பில் 69,000-க்கும் மேற்பட்ட பொதிகள். பெரும்பகுதியைக் கட்டுபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதுதான். இந்திய மொழிகளுக்காகவும் அரசு அலுவலகங்களுக்காகவும் உருவானது. டெபியனில் ஒரு பொதியாளர் எடுத்த முடிவு அதன் வழியே ஆற்றுநீர் கிளைக்கால்வாய்க்குப் பாய்வதுபோல இங்கேயும் வந்து சேரும். டெபியன்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல்முறை.

எதற்கு இந்தப் பாடு, ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டிய நிரலகங்களைத் தன்னோடேயே சுமந்து வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பல விளையாட்டுகள் அப்படித்தான் வருகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் தொட்டி வைப்பதா, மொட்டை மாடியில் ஒரே பொதுத் தொட்டியா என்பதுபோன்ற கேள்வி இது. தனித்தொட்டி வசதிதான், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் எல்லாத் தொட்டியும் அழுக்கானால் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் அது நடந்தது. வெப்பி என்ற பட வகையைத் திறந்து காட்டும் நிரலகத்தில் கடுமையான ஓட்டை ஒன்று தெரியவந்தது. தீய நோக்கோடு செய்த ஒரு படத்தைத் திறந்தாலே கணினிக்குள் அந்நியர் நுழைந்துவிடக்கூடிய நிலை. உலாவிகள், அரட்டைச் செயலிகள் என்று அந்த நிரலகத்தின் தனி நகலைச் சுமந்த ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிப்பு வெளியிட வேண்டியிருந்தது. லினக்ஸ் வழங்கல்களில் பொது நகலைப் பயன்படுத்திய நிரல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பொதியை மாற்றியதும் வேலை முடிந்தது. எஸ்.டி.எல். குடும்பத்தில் படங்களைத் திறக்கும் துணை நிரலகமும் வெப்பியைக் கூப்பிடும். ஆகவே விளையாட்டுகளுக்கும் இது வெளி விவகாரம் இல்லை.

இப்படிப் பலரும் சேர்ந்து பயன்படுத்துவதைப் பகிர் நிரலகம் என்கிறோம். பகிர்வதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்ல எனக்கு பாலிகஞ்சைவிட நல்ல இடம் கிடைக்காது. பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் சியால்டா லோக்கல் வந்து நிற்கும் தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீட்டர். கொஞ்ச தூரத்தில் கரியாஹாட் பக்கம் டிராம் தண்டவாளம்; அதன் அகலம் 1,435. இரண்டும் இரும்புச் சக்கரம், இரும்புப் பாதை, மேலே மின்கம்பி. பயணிக்கு வித்தியாசமே தெரியாது. சீட்டு வாங்கி ஏறி உட்காருகிறார். ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதன் மேல் ஓடவே ஓடாது.

நிரலகத்துக்கும் இப்படி இரண்டு முகங்கள். நிரல் எழுதுபவர் பார்ப்பது கட்டளைகளின் பெயர்கள்: 'சன்னல் திற', 'படம் வரை'. அடியில், கட்டி முடித்த இயந்திர வடிவத்தில், எந்தத் தகவல் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்ற அளவுகள். கட்டப்பட்ட விளையாட்டுக்குப் பெயர் நினைவில்லை. பீரோவில் இடப்பக்கமிருந்து மூன்றாவது அறை என்ற கணக்குதான் நினைவில் இருக்கும். நிரலகத்தின் புதுப் பதிப்பில் நடுவே ஓர் அறையைச் செருகிவிட்டால் பழைய விளையாட்டு தவறான அறைக்குள் கைவிடும், அங்கேயே விழுந்துவிடும். மேல்முகத்தை நிரல் இடைமுகம் என்றும், அடியிலுள்ள அளவை இயந்திர இடைமுகம் என்றும் வைத்துக்கொள்வோம். தண்டவாள அகலம் என்றாலும் தகும்.

இதற்காகத்தான் பகிர் நிரலகக் கோப்பின் பெயரின் வாலில் ஓர் எண் இருக்கிறது. அகலம் மாறாதவரை அந்த எண்ணையும் மாற்றக் கூடாது. மாறினால் எண்ணைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எஸ்.டி.எல். இரண்டாம் தலைமுறையில் 2013 முதல் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன, வால் எண் இன்றும் சுழியம்தான். 2013-இல் கட்டிய விளையாட்டு இன்றைய நிரலகத்தின் மேல் ஓட வேண்டும் என்று அவர்கள் கொடுத்த வாக்கு அது. பொதியாளர் இதை வாய்ச்சொல்லாக விடுவதில்லை. நிரலகம் வெளியே காட்டும் ஒவ்வொரு கட்டளையின் பெயரையும், அது எந்தப் பதிப்பில் முதலில் வந்தது என்பதையும் ஒரு பட்டியலாகப் பொதியோடு வைத்திருக்கிறார். புதிய பதிப்பைக் கட்டும்போது பட்டியலிலுள்ள ஒரு பெயர் காணாமல் போயிருந்தால் கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

முதல் தலைமுறையிலிருந்து இரண்டாம் தலைமுறைக்குப் போனபோது அகலமே மாறியது. பழைய விளையாட்டுகளைக் கைவிடவும் மனமில்லை, பழைய நிரலகத்தை யாரும் பராமரிக்கவும் இல்லை. அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே பழைய அகலம், உள்ளே வரும் ஒவ்வொரு கட்டளையையும் புதிய நிரலகத்துக்கு மாற்றிச் சொல்லும் ஒரு மெல்லிய இடைநிரலகம். பழைய விளையாட்டுக்குத் தன் கீழே பாதை மாறியதே தெரியாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலும் அப்படியொன்று இருக்கிறது.

இனி என் லேப்டாப்புக்கு வருகிறேன். குருசதய் ரோட்டில், 1959-இல் திறந்த பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் மாதிரிகள் அங்கே நிறைய. மருமான் அங்கேயே வளர்ந்தவன். லினக்ஸிலும் அப்படியொரு பொத்தான் உண்டு. ஒரு நிரலைத் தொடங்கும்போது, ஏற்றி என்ற சின்ன நிரல் முதலில் ஓடி, அதற்கு வேண்டிய நிரலகங்களின் பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றும். எதை எங்கிருந்து ஏற்றுகிறது என்று ஒரு வரிக் கட்டளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு கணினியையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். அவன் திரையில் எழுத்து வரையும் துணை நிரலகம், அதன் கீழே ஹார்ஃப்பஸ். என் திரையில் துணை நிரலகம் இருந்தது, ஹார்ஃப்பஸ் வரி இல்லை. இன்னொன்றையும் அவன்தான் முதலில் கவனித்தான்.

"மாமா, உங்களுது வேற இடத்துலேருந்து வருது பாருங்க."

அது பொதியிலிருந்து வந்த நிரலகம் இல்லை. சில மாதங்களுக்கு முன் வேறொரு வேலைக்காக மூலத்தை இறக்கி நானே கட்டி நிறுவியது. நாமே கட்டியவை போய் உட்காருவதற்கென்று தனி அடைவு (கோப்புறை) உண்டு. ஏற்றி முதலில் அங்கே தேடிவிட்டுத்தான் பொதிகளின் இடத்துக்கு வரும். என் நிரலகத்தின் வாலிலும் அதே எண். அகலம் பொருந்துகிறது என்று ஏற்றி அதையே எடுத்துக்கொண்டது. அகலம் பொருந்தியதும் உண்மைதான், விளையாட்டு விழாமல் ஓடியதே. பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று வால் எண் சொல்லாது.

துணை நிரலகத்தில் ஹார்ஃப்பஸைச் சேர்த்துக்கொள்ளும் வசதி 2022 முதல் வந்த பதிப்புகளில் இருக்கிறது. கட்டும்போது அது வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் கட்டிய முறையில் சொல்லாவிட்டால் அது இல்லாமலே கட்டி முடிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நான் சொல்லவில்லை. மருமானின் நிரலில், இந்த எழுத்துரு தமிழுக்கு, இது வங்காளத்துக்கு என்று நிரலகத்திடம் சொல்லும் வரிகள் சரியாக இருந்தன. 'என்னால் முடியாது' என்று என் நிரலகம் அந்த வரிகளுக்குப் பதில் சொல்லியிருக்கும். அந்தப் பதிலை வாங்கிப் பார்க்கும் வரி அவன் நிரலில் இல்லை.

அவன் கணினியில் இருந்த பொதிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பொதியின் மூலத்துக்குள் டெபியன் என்ற பெயரிலேயே ஓர் அடைவு இருக்கும். அதில் முக்கியமாக நான்கு கோப்புகள். கட்டுவதற்கு என்னென்ன வேண்டும், ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒன்று. எப்படிக் கட்டுவது என்ற செய்முறை ஒன்று. யார் எப்போது எதற்காக எதை மாற்றினார் என்ற வரலாறு ஒன்று. எந்தப் பகுதி யாருடையது, என்ன உரிமத்தில் என்று ஒன்று. முதல் கோப்பில் ஹார்ஃப்பஸ் என்று ஒரு சொல்லை ஒரு பொதியாளர் எழுதிவைத்திருக்கிறார். அவருக்குத் தமிழோ வங்காளமோ தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எழுதிவைப்பது எளிது என்று தோன்றும். எங்கள் அம்மா, கல்யாணமான புதிதில் தங்கைக்கு வத்தக்குழம்புச் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்பினாள். 'எண்ணெய் விட்டு' என்றுதான் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். அதைச் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. பாலிகஞ்ச் சமையலறையில் எண்ணெய் என்றால் கடுகெண்ணெய். குழம்பு வந்தது, ஆனால் அது வத்தக்குழம்பு இல்லை. நம் அடுக்களையில் எப்போதும் இருக்கும் பொருளை எழுத மறப்பது மனித இயல்பு. நிரல் கட்டுபவரும் அப்படித்தான்; அவர் கணினியில் நூறு நிரலகங்கள் ஏற்கெனவே இருக்கும், தன் செய்முறை எதை நம்பியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அதனால் பொதிகளை ஒரு வெறும் அறையில் கட்டுகிறார்கள். கணினிக்குள்ளேயே, அடிப்படைச் சாமான்கள் தவிர எதுவும் இல்லாத ஒரு தற்காலிக இடத்தை உருவாக்கி, முதல் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் அதற்குள் வைத்துக் கட்டிப் பார்ப்பது. எழுத விட்டுப்போன பொருள் இருந்தால் கட்டுமானம் தடுக்கி விழும். எஸ்.டி.எல். போன்ற நிரலகங்கள் இதிலும் தொல்லை தரும். இணக்க குணம் அதிகம் என்பதால், வேலண்ட் என்ற புதிய திரைமுறைக்கான பொருள் இல்லையென்றால் விழாமல், 'பரவாயில்லை' என்று அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டிவிடும். ஆகவே பொதியாளர் கட்டுமானம் வெற்றி என்ற கடைசி வரியோடு எழுந்து போய்விட முடியாது. எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று நடுவில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் எஸ்.டி.எல்.காரர்களே இதில் கொஞ்சம் கடுமையாகிவிட்டார்கள்: லினக்ஸில் திரைமுறை எதுவுமே கிடைக்கவில்லை என்றால், வேண்டுமென்றுதான் என்று வெளிப்படையாகச் சொன்னாலொழியக் கட்ட மறுக்கிறது.

மறைந்திருக்கும் தேவை இன்னொரு வகை. ஒரு நிரலகம் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று அதன் பட்டியலைப் படித்து, 'ஓடுவதற்கு வேண்டியவை' பகுதியைத் தானாக நிரப்பும் கருவி டெபியனில் உண்டு. ஆனால் எஸ்.டி.எல். சில நிரலகங்களைப் பட்டியலில் போடாமல், ஓடத் தொடங்கிய பிறகு 'இருக்கிறதா பார்ப்போம்' என்று தேடும். சத்தத்துக்கான நிரலகம், திரைக்கான நிரலகம் இப்படி. ஒரே நிரல் பல கணினிகளில் ஓட அது நல்ல உத்தி. கருவியின் கண்ணுக்கோ அது படாது. பொதியாளர் கவனிக்காவிட்டால், சத்தமே இல்லாத விளையாட்டு எந்தப் பிழையும் காட்டாமல் வீட்டுக்கு வந்துசேரும். ஒன்று, நேராகப் பட்டியலில் வரும்படி கட்டச் சொல்ல வேண்டும். அல்லது கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பேர் நம்பும் இடத்தில் ஒருவர் கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் டெபியன் பார்த்திருக்கிறது. 2006-இல், மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலகத்தில், ஒரு பரிசோதனைக் கருவி எச்சரித்ததை வைத்துப் பொதியில் சிறு மாற்றம் செய்தார்கள். எச்சரிக்கை நின்றது. அதோடு, தற்செயல் எண்களை உருவாக்கும் பகுதியின் ஊற்றும் அடைபட்டது. அதன்பின் உருவான பூட்டுச் சாவிகளுக்கு ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 சாத்தியங்களே மிஞ்சின. கணினி அத்தனையையும் சீக்கிரமே போட்டுப் பார்த்துவிடும். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து 2008 மே மாதம் வெளியில் தெரியும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டு யாருக்கும் தெரியாது. டெபியன் அதை மறைக்கவில்லை. மூலம், மாற்றம், வரலாறு எல்லாம் திறந்திருந்ததால்தான் எந்த வரி, எந்த நாள் என்று இன்றும் சுட்டிக்காட்ட முடிகிறது.

பொதியிலிருக்கும் இயந்திர வடிவம் நிஜமாகவே அந்த மூலத்திலிருந்து வந்ததுதானா என்று அறிவதற்கும் 2013 முதல் ஒரு முயற்சி நடக்கிறது. வழி எளிமையானது: இருவர் தனித்தனியே கட்டி, வெளிவந்ததைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டும். ஒத்த கட்டுமானம் என்று சொல்லலாம். செய்துபார்த்தால் முதலில் எதுவுமே ஒத்துவராது. கட்டிய நேரம், கட்டிய அடைவின் பெயர், கோப்புகளை எடுத்த வரிசை எல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் களைந்தார்கள். நேரத்துக்கு ஒரு அழகான தீர்வு: கடிகாரத்தைப் பார்க்காதே, பொதியின் வரலாற்றுக் கோப்பில் கடைசிப் பதிவின் நாளை எடுத்துக்கொள். யார் எந்த ஊரில் எப்போது கட்டினாலும் அந்த நாள் மாறாது. ஒரே மூலம், இரண்டு கட்டுமானம், ஒரே சரிபார்ப்பு எண் என்றால் நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று நம்பலாம். நாங்கள் சாப்பாட்டு மேசையில் செய்த அதே சோதனைதான், பெரிய அளவில்.

மேசையில் மிச்சமிருந்த வேலை சின்னது. நான் கட்டி வைத்திருந்த நிரலகத்தை நீக்கினேன். ஏற்றியின் குறிப்பேட்டைப் புதுப்பித்துவிட்டு அதே பொத்தானை மறுபடி அழுத்தினோம். இந்த முறை துணை நிரலகம் பொதிகளின் இடத்திலிருந்து வந்தது, அதன் கீழே ஹார்ஃப்பஸ். விளையாட்டைத் தொடங்கினான். முதலில் ஆறு விழுந்தது, பிறகு வங்காளத்தில் மீன், பிறகு மேகம். கொம்பு தன் இடத்தில் நின்றது.

மருமான் தட்டச்சு செய்ய மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சொல் தரையைத் தொட்டுவிட்டது. பிறகு விளையாட்டை மூடிவிட்டு, அந்தத் துணை நிரலகத்தின் பொதி மூலத்தை இறக்கச் சொன்னான். வரலாற்றுக் கோப்பைத் திறந்து, ஹார்ஃப்பஸ் என்ற சொல் முதன்முதலில் வரும் பதிவைத் தேடி, கீழிருந்து மேலாகப் படிக்கத் தொடங்கினான்.